விசா ரன் போறவங்களுக்கு: சின்ன ஏர்போர்ட்டுல கவனிக்க வேண்டியது

விசா ரன்னா, தங்குற நாள புதுப்பிக்கிறதுக்காக நாட்ட விட்டு வெளிய போயிட்டு திரும்பி வர்றது. சின்ன இன்டர்நேஷனல் ஏர்போர்ட் தானே, கூட்டமே இருக்காதுன்னு லேட்டா போயிடாதீங்க. அங்க செக்-இன் கவுன்டர் நாள் முழுக்க திறந்திருக்காது, ஃபிளைட்டுக்கு ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடி திறப்பாங்க, நிறைய ஏர்லைன்ஸ்ல 60 நிமிஷம் இருக்கும்போதே மூடிடுவாங்க, அதுக்கப்புறம் கெஞ்சினாலும் ஒண்ணும் நடக்காது.

பெரிய சிக்கலே இமிகிரேஷன்ல இல்ல, செக்-இன்லதான். போற நாட்டுல இருந்து வெளிய வர்றதுக்கு டிக்கெட் எங்கன்னு கேப்பாங்க. உங்கள உள்ள விடலன்னா திருப்பி கூட்டிட்டு வர்ற பொறுப்பு ஏர்லைன்ஸ் தலையில விழும், அதான் அவ்ளோ கறாரு. ரிட்டர்ன் டிக்கெட், ஹோட்டல் புக்கிங் ரெண்டையும் பிரின்ட் எடுத்து வச்சுக்கோங்க, வைஃபைய நம்பாதீங்க. பாஸ்போர்ட்டுல 6 மாசம் வேலிடிட்டியும் காலி பக்கமும் இருக்கான்னு வீட்டுலயே பாத்துருங்க.

ஓவர்ஸ்டே ஃபைன், அதாவது அனுமதிச்ச நாள் தாண்டி தங்கினதுக்கு அபராதம், கட்டணும்னா லோக்கல் கரன்சில கேஷ் வச்சுக்கோங்க, உள்ள ஏடிஎம் இருக்கும்னு நெனைக்காதீங்க, ரசீதும் மறக்காம வாங்குங்க. எக்சிட் ஸ்டாம்ப் குத்துனா தேதி சரியான்னு கவுன்டர விட்டு நகர்றதுக்குள்ள பாருங்க, தப்பு இருந்தா அங்கயே சொல்லி திருத்திக்கலாம், திரும்பி வரும்போது சொன்னா யாரு கேப்பா? அப்புறம் கையில இருக்குற விசா சிங்கிள் என்ட்ரின்னா வெளிய போனதும் அது முடிஞ்சுரும், ரீ-என்ட்ரி பர்மிட் (அதே விசாவுல திரும்பி உள்ள வர்றதுக்கான அனுமதி) தேவையான்னு கிளம்புறதுக்கு முன்னாடியே விசாரிச்சுக்கோங்க.