பத்துக்குப் பன்னிரண்டு அறையில் மணல் மூட்டையும் கெட்டில்பெல்லும்

மும்பையில் தாராவியிலோ அந்தோப் ஹில்லிலோ 10-க்கு 12 அடி அறையில் குடும்பமே இருக்கும்போது பார்பெல், பெஞ்ச், இரும்புத் தட்டு என்றெல்லாம் யோசிக்கவே வேண்டாம். கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட ஒரு மணல் மூட்டை, கதவு மூலையில் நிறுத்த ஒரு கெட்டில்பெல், அதாவது மேலே கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு. கால், முதுகு, கைப்பிடி வலுவாக இவ்வளவு போதும்.

இரண்டில் எது முதலில் என்றால், மூட்டைதான். கெட்டில்பெல் கடையில் பெரும்பாலும் 4 கிலோ இடைவெளியில் கிடைக்கும். 12-லிருந்து 16-க்குப் போனால் ஒரே தாவலில் மூன்றில் ஒரு பங்கு எடை கூடிவிடுகிறது. மூட்டையில் 2 கிலோ பொட்டலம் ஒன்றைச் சொருகினால் முடிந்தது. செலவும் குறைவு. மூட்டை என்றால் என்னமோ புது வித்தை என்று நினைக்க வேண்டாம். பொங்கலுக்குத் தென்மாவட்ட ஊர்களில் இளவட்டக்கல் தூக்குவதைப் பார்த்திருந்தால் பாதிப் பாடம் ஏற்கெனவே தெரியும். கல்லுக்குக் கைப்பிடி கிடையாது. அணைத்துத்தான் எடுக்க வேண்டும். மூட்டையும் அப்படியே, ஆனால் நழுவினால் டைல்ஸ் உடையாது.

மூட்டை தயாரிப்பு

எல்லோரும் செய்கிற முதல் தப்பு, மணலை நேராகப் பையில் கொட்டி ஜிப்பை இழுப்பது. நாலே நாளில் நுண்மணல் ஜிப் பல்லில் ஏறி ஜிப் போய்விடும், பாயெல்லாம் மணலாகும். மணல் முதலில் சிறு பொட்டலங்களாக வேண்டும், பொட்டலங்கள் பைக்குள் போக வேண்டும்.

மணலைக் கட்டடச் சாமான் கடையில் 'ரேத்தி' என்று கேட்டால் கோணியில் கட்டிக் கொடுப்பார்கள். 30 கிலோ வாங்குங்கள், கழுவினால் கொஞ்சம் குறையும். கல் உடைத்து அரைத்த மணலாக இருந்தால் மாவு போன்ற தூசு நிறைய இருக்கும். பக்கெட்டில் போட்டு, தண்ணீர் தெளிவாக வரும்வரை நாலைந்து முறை அலசுங்கள். பிறகு மாடியில் தார்ப்பாய் விரித்து இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, சல்லடையில் சலித்துச் சல்லியைத் தள்ளிவிடுங்கள். கூரான சல்லி ஒன்று போதும், பாலித்தீனைக் கிழிக்க. சலிக்கும்போதும் நிரப்பும்போதும் மாஸ்க் கட்டாயம், அந்தத் தூசு நுரையீரலுக்கு நல்லதல்ல. கடல் பக்கத்திலேயே இருக்கிறதே என்று ஜுஹூ மணலில் கைவைக்காதீர்கள். அள்ளக் கூடாது என்பது ஒருபுறம், அந்த மணலில் உள்ள உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து மூட்டையை எப்போதும் நசநசவென்று வைத்திருக்கும். அரிசி, கோதுமை போட்டால் பூச்சி வரும். சிமெண்ட் வேண்டவே வேண்டாம், பொட்டலம் கிழிந்தால் தோலையும் கண்ணையும் அரிக்கும்.

காய்ந்த மணல் 1 லிட்டர் ஏறக்குறைய 1.6 கிலோ. ஆக 20 கிலோவுக்குப் பன்னிரண்டரை லிட்டர் இடம்தான் பிடிக்கும். புதிதாகத் தொடங்கும் ஆண்களுக்கு 16 முதல் 20 கிலோ, பெண்களுக்கு 10 முதல் 12 கிலோ. மிச்ச மணலைப் பொட்டலமாகவே கட்டி வையுங்கள், பின்னால் வேண்டும்.

பொட்டலம் கட்டுவதில்தான் சூட்சுமம். தடித்த பாலித்தீன் பையில் 4 கிலோ மணலைப் போடுங்கள். பையில் மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும், ஆனால் அந்த இடத்தில் காற்று இருக்கக் கூடாது. கையால் அமுக்கிக் காற்றை வெளியேற்றி, கழுத்தை நன்றாக முறுக்கி, முறுக்கியதை மடக்கி, பிளாஸ்டிக் டை போட்டு இறுக்குங்கள். இழுத்த டையின் மிச்ச வாலை ஒட்ட நறுக்கி, நுனியின் மேல் டேப் ஒட்டுங்கள். விட்டுவிட்டால் அந்த நுனியே பக்கத்துப் பொட்டலத்தைக் குத்தும். இப்போது இதைத் தலைகீழாக இரண்டாவது பையில் போட்டு அதேபோல் கட்டுங்கள். முதல் முடிச்சு கசிந்தாலும் மணல் இரண்டாவது பையோடு நின்றுவிடும். உள்ளே காற்று மாட்டியிருந்தால் மூட்டை தரையில் விழும்போது பொட்டலம் பலூன் மாதிரி வெடிக்கும். மூட்டை கிழிந்ததாக வரும் புகாரில் முக்கால்வாசி இதுதான். வெளியே துணி டேப்பை இரண்டு சுற்று சுற்றலாம், தளர்வாக. இறுக்கிச் சுற்றினால் செங்கல் ஆகிவிடும், தோளெலும்பில் இடிக்கும். 4 கிலோவில் நாலு, 2 கிலோவில் நாலு கட்டி வைத்தால் 16 முதல் 24 கிலோ வரை விரும்பியபடி மாற்றலாம்.

வெளிப்பைக்குத் தாராவியில் பை தைக்கிற கார்கானாவைவிட (பட்டறையைவிட) நல்ல இடம் கிடையாது. அளவைத் தமிழிலேயே சொல்லித் தைத்து வாங்கலாம். தடித்த கேன்வாஸ் அல்லது 1000 டெனியர் (நூலின் கனத்துக்கான அளவு) நைலான் துணி. 75-க்கு 58 செ.மீ. துண்டு ஒன்று, 26 செ.மீ. விட்டத்தில் வட்டம் இரண்டு. தையலுக்கு விட்டது போக, 23 செ.மீ. விட்டமும் 55 செ.மீ. நீளமும் உள்ள உருளை வரும். கொள்ளளவு சுமார் 23 லிட்டர். எல்லா மடிப்பிலும் இரட்டைத் தையல். கைப்பிடிக்கு 5 செ.மீ. அகல நைலான் பட்டை. பட்டையின் இரு நுனியை மட்டும் துணியில் தைத்துக் கொடுத்தால் ஏற்காதீர்கள், முதல் மாதமே துணியோடு பிய்ந்து வரும். பட்டை பையை முழுதாகச் சுற்றி வரவேண்டும், சுமை பட்டையில் நிற்க வேண்டும். இப்படி இரண்டு சுற்று, இடையில் 25 செ.மீ. கைப்பிடி தொடங்கும் இடத்தில் சதுரமாகத் தைத்து நடுவில் பெருக்கல் குறி போடச் சொல்லுங்கள். ஜிப் கைப்பிடிகள் உள்ள பக்கமே இருக்கட்டும். மூட்டை விழும்போது எதிர்ப்பக்கம் தரையில் படும், ஜிப் தப்பிக்கும். ஜிப்புக்கு மேல் ஒரு துணி மடல், இல்லாவிட்டால் அணைத்துத் தூக்கும்போது மார்பைக் கீறும்.

நிரப்பியதும் மூட்டை தொளதொளவென்று இருப்பது குறையல்ல. உள்ளே நகர்கிற மணலை அடக்கி வைப்பதுதான் பயிற்சியே. பழைய துணியைத் திணித்துக் கெட்டியாக்கினால் அது வெறும் தலையணை வடிவ டம்பெல்.

குண்டு வாங்கும்போது

கெட்டில்பெல்லின் சொந்த ஊர் ரஷ்யா. அங்கே 'பூட்' என்ற பழைய எடை ஏறக்குறைய 16.38 கிலோ. 16, 24, 32 என்ற வரிசை ஒரு பூட், ஒன்றரை, இரண்டு என்று வந்ததுதான். உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாத ஆண்கள் 12, ஓரளவு இருப்பவர்கள் 16. பெண்கள் 8, பழகியவர்கள் 12.

தோபி தலாவ் விளையாட்டுச் சாமான் கடைகளில் நேரில் பார்த்து வாங்குவது நல்லது. படத்தைப் பார்த்து வாங்கினால் கைப்பிடியைத் தடவிப் பார்க்க முடியாது. ஒரே வார்ப்பாக வந்த இரும்புக் குண்டைக் கேளுங்கள். பிளாஸ்டிக் ஓட்டுக்குள் சிமெண்ட் அடைத்தது விலை குறைவு, ஆனால் உருவம் பெரிதாகி முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே இடிக்கும். கைப்பிடியின் அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். வார்ப்புக் கோடு தடித்திருந்தால் அதுதான் உள்ளங்கையைக் கிழிக்கப்போவது. லேசாக இருந்தால் 120-ம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்துவிடலாம். கைப்பிடித் தடிமன் 33-35 மி.மீ. வசதி. அடி தட்டையாக, ஆடாமல் நிற்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் பழைய பேப்பர் கடைத் தராசில் ஒரு தரம் நிறுத்துப் பாருங்கள். 12 என்று அச்சடித்தது எல்லாம் 12 அல்ல.

தரை, விசிறி

ஜிக்ஸா போல் கோர்க்கும் மெத்துமெத்துப் பாய் வேண்டாம், அதில் பாதம் நிலைக்காது. 8-10 மி.மீ. ரப்பர் பாய், 4-க்கு 6 அடி போதும். செருப்பு, குஷன் வைத்த ஷூ இரண்டும் வேண்டாம், வெறுங்காலே மேல். தலைக்கு மேலே தூக்கும் பயிற்சிக்கு முன் விசிறியை நிறுத்தி, குண்டில்லாமல் கையை உயர்த்தி, மூடிய கைக்கு மேல் இன்னும் ஒரு சாண் இருக்கிறதா என்று பாருங்கள். பரண் இருக்கும் வீட்டில் பரணுக்கு அடியில் நிற்கவே கூடாது. குண்டை ஒருபோதும் போடக் கூடாது, மூட்டையையும் காலை 6 மணிக்குப் போடாதீர்கள். கீழ்வீட்டுக்காரரோடு உறவு கெட்டால் பயிற்சி ஒரு வாரத்தில் நின்றுவிடும்.

இடுப்பு மடங்கக் கற்பது

குண்டைத் தொடும் முன் இது. சுவருக்கு முதுகு காட்டி ஒரு சாண் தள்ளி நில்லுங்கள். முழங்கால் லேசாகத் தளரட்டும். முதுகை வளைக்காமல், பின்புறத்தால் சுவரைத் தொடுங்கள். தொட்டதும் இன்னும் இரண்டு விரற்கடை முன்னால் நகர்ந்து மறுபடி. பின்தொடையில் இழுப்பு தெரிந்தால் சரி, இடுப்புக்கு மேலே முதுகில் தெரிந்தால் தப்பு. இது வராமல் ஸ்விங், அதாவது குண்டை ஊஞ்சல் போல் ஆட்டுவது, பழகுகிறவர்கள்தான் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்கிறார்கள்.

இனி ஸ்விங். குண்டு உங்கள் கால்விரலுக்கு ஓர் அடி முன்னால் இருக்கட்டும். கால் தோள் அகலம். இடுப்பை மடக்கி இரு கையாலும் பிடித்து, குண்டை உங்கள் பக்கம் சாயுங்கள். அங்கிருந்து தொடைச்சந்துக்குள் வேகமாகப் பின்னால் தள்ளுங்கள். முன்கை உள்தொடையின் மேற்பகுதியில் உரச வேண்டும். குண்டு முழங்காலுக்குக் கீழே இறங்கினால் சுமை முழுக்க முதுகுக்குப் போகும். பின்னால் போய் நின்ற அந்தக் கணத்தில் இடுப்பை வெடுக்கென்று நிமிர்த்துங்கள். முழங்கால் நேராகி, பின்புறமும் வயிறும் இறுகி, ஆள் கம்பம் போல் நிற்க வேண்டும். கை வெறும் கயிறு. குண்டு தானாக மார்பு உயரம்வரை மிதந்து வரும். வராவிட்டால் கையால் தூக்காதீர்கள், இடுப்பு வேகம் போதவில்லை என்று அர்த்தம். இறங்கும்போது அவசரப்பட்டு முதலிலேயே குனியாதீர்கள். முன்கை வயிற்றைத் தொடப்போகிறது என்னும் நேரத்தில்தான் இடுப்பு பின்வாங்க வேண்டும். நிமிரும்போது உஸ் என்று மூச்சை விடுங்கள். எதிரே யாரும் நிற்கக் கூடாது, குழந்தைகள் இருந்தால் கதவைச் சாத்திவிடுங்கள்.

உட்கார்ந்து எழுவது போல் ஸ்விங் செய்வது பரவலான பிழை. பக்கவாட்டில் போனை வைத்துப் படமெடுத்தால் தெரிந்துவிடும். கீழே போகும்போது முழங்கால் முன்னால் வந்தால் அது ஸ்குவாட், பின்புறம் பின்னால் போனால் ஸ்விங்.

மூட்டையைத் தோளுக்கு

மூட்டை இரண்டு கால்களுக்கும் நடுவே, நீளவாக்கில் முன்னும் பின்னுமாக. கைப்பிடியை மறந்துவிட்டு, இரு கையையும் மூட்டைக்கு அடியில் விடுங்கள். மார்பை மூட்டையோடு ஒட்டி, தரையிலிருந்து கிளப்பி, பாதி உட்கார்ந்த நிலையில் தொடைமேல் இருத்துங்கள். இங்கே ஒரு மூச்சு. கையை மாற்றி, முடிந்தவரை மேலே தள்ளி அணைத்துக்கொள்ளுங்கள். அடுத்து இடுப்பை வெடுக்கென்று நிமிர்த்த, மூட்டை ஒரு தோளில் ஏறும். கழுத்தில் அல்ல, தோளின் மேல் மடிந்து கிடக்க வேண்டும். முழங்கையை மடக்கிக் கையால் இழுத்து ஏற்றினால் புஜத்தின் தசைநாணுக்கு, அதாவது தசையை எலும்போடு கட்டும் நாருக்கு, ஆபத்து. தொடை என்ற படிக்கட்டைத் தாண்டிக் குதிக்காதீர்கள். இறக்கும்போதும் அதே படி, தோள், தொடை, தரை.

வாரம் மூன்று நாள்

ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒவ்வொரு முறையும் 35-40 நிமிடம். முதல் 5 நிமிடம் சுவர்ப் பயிற்சி, தோள் சுழற்றல். 'அ' நாளில் ஸ்விங் 10 வீதம் 8 சுற்று, ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் ஒரு சுற்று. பிறகு குண்டை மார்பில் பிடித்து ஸ்குவாட் 8 வீதம் 3, மூட்டையைக் கைப்பிடியில் பிடித்துக் குனிந்து வயிற்றை நோக்கி இழுத்தல் 8 வீதம் 3. 'ஆ' நாளில் மூட்டையைத் தோளுக்கு ஏற்றல், பக்கத்துக்கு 3 வீதம் 4 சுற்று. குண்டை ஒரு கையால் தலைக்கு மேல் அழுத்தல் பக்கத்துக்கு 5 வீதம் 4. கடைசியாக மூட்டையை அணைத்தபடி நடத்தல், 40 அடியாக 4 தரம். வரிசை அறைகள் கொண்ட சாலில் இருப்பவர்களுக்குப் பொது வராந்தா இதற்கென்றே கட்டினது போல் இருக்கும். இரண்டு நாட்களையும் மாறி மாறிச் செய்யுங்கள்.

மூட்டை இழுத்தல் 3 சுற்றும் 12 வந்தால் மூட்டையில் 2 கிலோ கூட்டி, மறுபடி 8-லிருந்து. அடுத்த குண்டு வாங்க அவசரம் வேண்டாம். 10 நிமிடத்தில் 100 ஸ்விங், கடைசிப் பத்தும் முதல் பத்தைப் போலவே வந்தால் வாங்கலாம்.

மறுநாள் பின்தொடை கடுப்பது சகஜம். காலுக்கு ஓடுகிற வலி, மரத்துப்போதல், நெஞ்சு இறுக்கம் வந்தால் அங்கேயே நிறுத்தி டாக்டரைப் பாருங்கள். குடலிறக்கம், கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம், சமீபத்திய அறுவைச் சிகிச்சை, கர்ப்பம் என்றால் தொடங்கும் முன்பே கேளுங்கள்.

மழைக்காலம்

ஜூன் முதல் செப்டம்பர்வரை மும்பைக் காற்றில் இரும்பு கண் முன்னால் துருப்பிடிக்கும். குண்டின் உடம்பில் மட்டும் துளி எண்ணெய் தேயுங்கள், கைப்பிடியில் தடவினால் அடுத்த ஸ்விங்கில் அது ஜன்னலுக்குப் போகும். கை வியர்த்தால் ஜிம்னாஸ்டிக் சாக் பொடி, அதாவது மெக்னீசியம் கார்பனேட். முகத்துக்குப் போடும் டால்கம் பவுடர் வழுக்கலைக் கூட்டும். மூட்டையைத் தரையில் ஒட்டிப் போடாமல் ஒரு பலகைமேல் வையுங்கள். வாரம் ஒருமுறை ஜிப்பைத் திறந்து பொட்டலங்களை வெளியே எடுத்து விசிறிக்கு அடியில் பரப்புங்கள். எதிலாவது உள்பக்கம் நீர்த்துளி தெரிந்தால் அந்த மணல் சரியாகக் காயவில்லை, பிரித்து மறுபடி வெயில் வரும்வரை ஒதுக்கி வையுங்கள்.