நடக்கும் வேகம் போதுமா? பேசிப் பாருங்கள்

இதயத்துக்காக நடப்பவர்களில் பலர் கடைவீதியில் வேடிக்கை பார்ப்பதுபோல நடக்கிறார்கள். உட்கார்ந்தே இருப்பதற்கு அதுவும் மேல்தான். ஆனால் நல்ல பலன் வேண்டுமென்றால் மூச்சு கொஞ்சம் வாங்க வேண்டும். இதை அளக்கக் கருவி தேவையில்லை. கூட வருபவரோடு பேச முடியணும், பாட்டுப் பாட முடியக்கூடாது. அந்த வேகம் போதும்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம். காலையில் 10 நிமிடம், சாப்பிட்ட பிறகு 10 நிமிடம் என்று பிரித்து நடந்தாலும் கணக்கில் சேரும்.

லிஃப்டை விட்டுப் படியேறுங்கள். லண்டனில் ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர் மாடிப் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்து 1953-ல் முடிவை வெளியிட்டார். உட்கார்ந்தே வேலை செய்த ஓட்டுநர்களைவிட, நாள் முழுக்கப் படி ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது! உடல் பருமன் போன்ற மற்ற காரணங்களுக்கும் அதில் பங்குண்டு. ஆனாலும் பின்னால் வந்த எத்தனையோ ஆய்வுகள் அதே பக்கம்தான் நிற்கின்றன.

பழகப் பழக, இதயம் ஒரே துடிப்பில் கூடுதல் ரத்தத்தைத் தள்ளும். ஓய்வில் நாடித்துடிப்பு குறையும், ரத்த அழுத்தமும் இறங்கும்.

ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். நடக்கையில் நெஞ்சு அழுத்தினாலோ, வலி கைக்கோ தாடைக்கோ பரவினாலோ உடனே நில்லுங்கள். வாயுப் பிடிப்பு என்று சோடா குடித்துக் காத்திருக்காமல் ஆம்புலன்ஸை அழையுங்கள்.