எம்.பி.யின் கடிதத்துக்குப் பதில் வரவில்லையா? இப்படிச் செய்யுங்கள்

இலங்கையின் முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஒரு கமக்காரர் அமைப்பின் செயலாளராக இருக்கிறேன். குளக்கட்டு திருத்தம் கேட்டு எம்.பி. எழுதிய கடிதம் எங்கேயோ கிடக்க, காலபோக விதைப்பு வந்துவிடும். அந்த வருத்தம் வன்னியில் வயல் செய்கிற எல்லோருக்கும் தெரியும். அதனால் எம்.பி. பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடாதீர்கள்.

முதலில், கடிதம் உரிய இடத்துக்குத்தான் போனதா என்று பாருங்கள். ஏறக்குறைய 200 ஏக்கர் வரை பாயும் சிறுகுளம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. பெரிய குளம் என்றால் நீர்ப்பாசனத் திணைக்களம். ஏ9 பெருந்தெரு, வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையது, ஊர் ஒழுங்கை பிரதேச சபையுடையது. இடம் மாறிப் போன கடிதத்துக்கு மறுமொழி எழுத யாருக்கும் மனம் வராது.

எம்.பி.யின் அலுவலகத்தில் கடிதத்தின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். திகதியும் கடித இலக்கமும் அதில் இருக்க வேண்டும். பதிவுத் தபால் துண்டு இருந்தால் அதையும் பிரதி எடுங்கள்.

ஒரு மாதம் பாருங்கள். பதில் இல்லையா, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நீங்களே விண்ணப்பியுங்கள். எந்தப் பிரசையும் கேட்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, படிவம் கட்டாயமில்லை. அந்த நிறுவனத்தின் தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். எம்.பி.யின் கடிதத்தைவிட உங்கள் வெள்ளைத்தாளுக்குப் பலம் கூடுவது இந்த நாள்கணக்கால்தான்.

ஆனால் கேள்வியில் கவனம் வேண்டும். "ஏன் பதில் போடவில்லை?" என்று கேட்டால் சமாளிப்புத்தான் வரும். பதிவில் இருப்பதைக் கேளுங்கள்: இன்ன இலக்கக் கடிதம் எந்தத் திகதியில் பதியப்பட்டது, எந்தப் பதவியில் உள்ளவரிடம் ஒப்படைக்கப்பட்டது, கோப்பில் எழுதப்பட்ட குறிப்புகளின் பிரதி. நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். தமிழிலேயே எழுதுங்கள்; வடக்கில் தமிழில் பதில் பெறுவது அரசியலமைப்பு தந்த உரிமை.

அதற்கும் அசையாவிட்டால், 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு. அவர் மூன்று வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அப்புறம் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

கிடைத்த பதிலை எம்.பி.யிடம் கொடுங்கள். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில், திணைக்களத் தலைவர் முன்னால் இருக்கும்போது, அதை வாசித்துப் பதில் கேட்கச் சொல்லுங்கள்.