மெயிலில் அனுப்பும் முன் படத்தின் அளவைக் குறைப்பது எப்படி?

ஜிமெயிலில் ஒரு மெயிலுக்கு 25 எம்பி வரைதான் அனுமதி. அதற்காக 24 எம்பிக்குப் படங்களை அடுக்க வேண்டாம். இணைப்புகள் எழுத்துக் குறியீடாக மாறித்தான் பயணிக்கும். அப்போது அளவு சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடும். எனவே மொத்தம் 18 எம்பிக்குள் நிறுத்துங்கள். பெறுபவரின் சர்வரில் வரம்பு இன்னும் குறைவாக இருந்தால் மெயில் திரும்பி வந்துவிடும்.

12 மெகாபிக்சல் போன் படம் என்றால் 4000×3000 பிக்சல், பெரும்பாலும் 3 முதல் 5 எம்பி. அதையே 1600×1200 ஆக்கினால் பிக்சல் எண்ணிக்கை ஆறில் ஒரு பங்குக்கும் கீழே போகும். திரையில் பார்க்க இது தாராளம். 6×4 அங்குலத்தில் பிரிண்ட் போடுவதாக இருந்தால் 1800×1200 வேண்டும். ஏ4 தாளைப் படம் பிடித்து அனுப்புகிறீர்களா? நீளப் பக்கம் 2300 பிக்சலுக்குக் குறைந்தால் பொடி எழுத்துகள் மங்கும்.

விண்டோஸில் பெயிண்ட் போதும். படத்தைத் திறந்து கன்ட்ரோல்+டபிள்யூ அழுத்துங்கள். ‘பிக்சல்ஸ்’ தேர்ந்தெடுத்து, அகலம் உயரம் இரண்டில் பெரியதில் 1600 என்று அடியுங்கள். விகிதத்தைக் காக்கும் ‘மெயின்டெய்ன் ஆஸ்பெக்ட் ரேஷியோ’ டிக் இல்லாவிட்டால் முகங்கள் நசுங்கும். பிறகு ‘சேவ் ஆஸ்’ கொடுத்து, வேறு பெயரில், ஜேபெக்காகச் சேமியுங்கள். வெறும் ‘சேவ்’ அழுத்தினால் ஒரிஜினல் போய்விடும். சிறிதான படத்தை மறுபடி பெரிதாக்கினாலும் இழந்த விவரம் திரும்பாது. பிஎன்ஜி வடிவம் ஸ்கிரீன்ஷாட்டுக்கு நல்லது, போட்டோவுக்கு வீண் சுமை.

மேக்கில் ‘ப்ரிவியூ’வைத் திறந்து, ‘டூல்ஸ்’ மெனுவில் ‘அட்ஜஸ்ட் சைஸ்’ போங்கள். ‘ரீசாம்பிள்’ டிக் கட்டாயம். அது இல்லையென்றால் மாறுவது டிபிஐ எண் (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற அச்சுக் கணக்கு) மட்டும்தான், ஃபைல் எடை அப்படியே நிற்கும். ஐபோனின் மெயில் ஆப்பிலேயே அளவைத் தேர்ந்தெடுக்கலாம், ‘லார்ஜ்’ போதும்.

நாற்பது ஐம்பது படங்களை ஒவ்வொன்றாகச் செய்துகொண்டிருக்க முடியாது. மைக்ரோசாஃப்டின் இலவச ‘பவர்டாய்ஸ்’ தொகுப்பில் ‘இமேஜ் ரீசைசர்’ இருக்கிறது. படங்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக் செய்து, ‘கஸ்டம்’ அளவில் 1600×1600, ‘ஃபிட்’ என்று வையுங்கள். குறுக்குப் படமோ நெடுக்குப் படமோ, விகிதம் மாறாமல் அந்தச் சதுரத்துக்குள் அடங்கும். அதுவாகவே தனி நகல்களை உருவாக்கிவிடும்.

இவ்வளவு செய்தும் ஒரு படம் மட்டும் கனமாக இருந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். புல், இலை, மணல் போன்ற நுண்ணிய விவரங்களை ஜேபெக்கால் அதிகம் சுருக்க முடியாது. வெறும் வானம் எளிதில் சுருங்கும். ஜேபெக்கின் தர எண்ணான ‘குவாலிட்டி’யை 100-க்கு 80 ஆக்கிப் பாருங்கள், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. 60-க்குக் கீழே போனால் ஓரங்களில் கட்டம் கட்டமாகத் தெரிய ஆரம்பிக்கும். ஒவ்வொரு முறையும் ஒரிஜினலிலிருந்தே தொடங்குங்கள், ஜேபெக்கை மறுபடி மறுபடி சேமித்தால் தரம் தேயும்.

ஜிப் செய்வதால் பலனில்லை; ஜேபெக் ஏற்கெனவே சுருக்கப்பட்டதுதான். மெயிலுக்குள் படத்தின் மூலையை இழுத்துச் சிறிதாக்குவதும் கண்துடைப்பே.

ஒரிஜினல்தான் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு கூகுள் டிரைவில் ஏற்றி லிங்க் அனுப்புங்கள். அனுப்பும் முன், அவருக்குப் பார்க்கும் அனுமதி கொடுத்தாயிற்றா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.