விளையாட்டு நிறுவனத்தின் மீதான குற்றச்சாட்டைக் கழகச் செயற்குழு ஆராய்வது எப்படி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ உள்ள ஓர் ஓட்டக் கழகம் காம்ரேட்ஸ் மாரத்தான் என்னும் நெடுந்தூர ஓட்டப் போட்டிக்குச் சீருடையும் காலணியும் வாங்க முற்படும்போது, "அந்த நிறுவனத்தின் பொருள் நமக்கு வேண்டாம்" என்று உறுப்பினர் ஒருவர் எழுந்து சொன்னால், உடனே வாக்கெடுப்புக்குப் போய்விடாதீர்கள். குற்றச்சாட்டை முதலில் வகை பிரித்துப் பார்க்க வேண்டும். காலணியும் விளையாட்டு உடையும் விற்கும் அமெரிக்க நிறுவனமான நைக்கியின் வரலாறு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு.

சில சர்ச்சைகளில் நிறுவனத்தின் பெயர் மட்டுமே அடிபடும். 2018 ஆகஸ்டில் தென்னாப்பிரிக்கர் ஒருவர் இனவெறிச் சொல்லைப் பேசிய காணொளி பரவியபோது, அவர் தங்கள் ஊழியர் அல்லர் என்று நைக்கி அறிவிக்க நேர்ந்தது. இங்குள்ள அதன் கடைகள் சில மூடவும்பட்டன. 2013 பிப்ரவரியில் ஓட்ட வீரர் ஆஸ்கர் பிஸ்டோரியஸ் தம் காதலியைச் சுட்டுக் கொன்றதாகக் கைதானதும், அவரைத் துப்பாக்கிக் குண்டுக்கு ஒப்பிட்ட பழைய விளம்பரத்தை நிறுவனம் விலக்கிக்கொண்டது. இவற்றைக் குறித்துவைத்துவிட்டு மேலே செல்லலாம்.

நேரத்தைச் செலவிட வேண்டியது தொழிலாளர் பற்றிய குற்றச்சாட்டுகளில்தான். 1860-இல் ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து வந்திறங்கிய ஒப்பந்தத் தொழிலாளர்களின் வழித்தோன்றல்களாகவும், டர்பன் தையல் ஆலைகளில் உழைத்த பெண்களின் பிள்ளைகளாகவும் இருக்கும் நாம், இதை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு நகரக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. 1996-இல் பாகிஸ்தானில் ஒரு சிறுவன் நைக்கி கால்பந்தைத் தைக்கும் படம் அமெரிக்க இதழொன்றில் வெளிவந்தது. 1998 மே மாதத்தில் அதன் தலைவர் ஃபில் நைட், தம் பொருள்களின் பெயர் அடிமைக் கூலிக்கும் கட்டாய மிகைநேர வேலைக்கும் மறுபெயராகிவிட்டது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, காலணி ஆலைகளில் புதிதாகச் சேர்க்கப்படுவோருக்குக் குறைந்தபட்ச வயது 18 என்றும் மற்ற ஆலைகளில் 16 என்றும் அறிவித்தார். ஆனால் ஆலைகளின் பட்டியல் வெளியானதோ 2005-இல்தான். குற்றச்சாட்டு எழுந்த நாள், வாக்குறுதி தந்த நாள், வெளியார் சரிபார்க்கக்கூடிய ஆவணம் வந்த நாள் ஆகிய மூன்றையும் ஒரே தாளில் எழுதி, இடையில் எத்தனை ஆண்டுகள் கழிந்தன என்று பாருங்கள். கர்ப்பிணி வீராங்கனைகளின் ஊதியத்தைக் குறைத்ததாக 2019 மே மாதம் அமெரிக்க ஓட்ட வீராங்கனை அலிசன் ஃபீலிக்ஸ் முதலானோர் பேசியபோது, சில மாதங்களிலேயே ஒப்பந்த விதி மாறியது. ஆலைத் தொழிலாளிக்கு அத்தகைய புகழ் இல்லை என்பதையும் அந்தத் தாள் காட்டிவிடும்.

நிறுவனம் தரும் மறுப்பையும் விளம்பரமாகவே கருதிச் சோதியுங்கள். மார்க் காஸ்கி என்பவர் நைக்கி மீது தொடுத்த வழக்கில், ஆலை நிலைமை பற்றி அது வெளியிட்ட விளக்கங்களை வணிகப் பேச்சாகவே, அதாவது பொய் விளம்பரச் சட்டத்துக்கு உட்பட்டதாகவே, கொள்ள வேண்டும் என்று 2002-இல் கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு அந்த வழக்கு 15 லட்சம் டாலர் உடன்பாட்டில் முடிந்தது.

பிறகு பொருளையே கையில் எடுங்கள். காலணி நாக்கின் உட்புறம் ஒட்டியுள்ள சிறு சீட்டில், அளவுகளோடு, தயாரித்த நாட்டின் பெயரும், நடுவே சிறு கோடிட்ட மாதிரிக் குறியீடும் இருக்கும். நம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் ஆடைக்கும் காலணிக்கும் நாட்டின் பெயரைக் கட்டாயமாக்குகின்றன. அந்த நாட்டை நிறுவனத்தின் இணைய ஆலை வரைபடத்தில் தேடினால், ஆலைகளின் பெயரும் தொழிலாளர் எண்ணிக்கையும் அவர்களுள் பெண்களின் விழுக்காடும் கிடைக்கும். கூலி எவ்வளவு என்பதைக் கழகத்தின் பெயரில் கடிதம் எழுதிக் கேளுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அதைக் கூட்டக் குறிப்பில் பதிந்துவிட்டு, அதன் பின்னரே வாக்கெடுப்பை நடத்துங்கள்.

இங்கு வெளியான விளம்பரக் கூற்று ஒன்று உண்மையல்ல என்று தெரிந்தால், விளம்பர ஒழுங்குமுறை வாரியத்திடம் நுகர்வோர் கட்டணமின்றி முறையிடலாம். விளம்பரத்தின் படம், அதைக் கண்ட இடம், நாள், தவறான வாசகம், அதை மறுக்கும் ஆதாரம் ஆகியவற்றை முறையீட்டுடன் இணைத்து அனுப்புங்கள்.