ரா படத்தை ஜேபெக் ஆக்கும்போது நிறம் வெளிறாமல் இருக்க

கேமரா சென்சார் பதிவு செய்த தகவலை அப்படியே வைத்திருப்பவை ரா கோப்புகள். கேனனின் சிஆர்3, நிக்கானின் என்இஎஃப் போன்ற இவை பல போன்களில் திறக்காது. ஜேபெக்காக மாற்றுவதற்கு டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருளே போதும்.

வெளிச்சத்தையும் வெள்ளைச் சமநிலையையும் (வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறச்சாயலைச் சரிசெய்வது) முதலில் சரிசெய்துவிடுங்கள். ரா பெரும்பாலும் 12 அல்லது 14 பிட், ஜேபெக் 8 பிட்தான்; பிட் குறைந்தால் நிறத்தின் நுணுக்கமான படிநிலைகளும் குறையும். மாற்றிய பிறகு இருட்டுப் பகுதியை வெளிச்சமாக்கினால் வானமும் நிழலும் பட்டை பட்டையாகத் தெரியும்.

அடுத்து, படங்களைத் தேர்ந்தெடுத்து எக்ஸ்போர்ட் பகுதியில் ஜேபெக், தரம் 90, அகலம் உயரம் இரண்டிலும் 2048 பிக்சல் என்று கொடுங்கள். இது அதிகபட்ச அளவுதான், படத்தின் விகிதம் மாறாது. அச்சுக்கென்றால் அளவைக் குறைக்கவே வேண்டாம். நிற புரொஃபைல் (நிற எண்களை எப்படிக் காட்ட வேண்டும் என்ற குறிப்பு) கட்டாயம் எஸ்ஆர்ஜிபி, அதாவது பெரும்பாலான திரைகளும் செயலிகளும் எதிர்பார்க்கும் பொதுவான நிற வரம்பு. அதைவிட அகலமான அடோபி ஆர்ஜிபியில் விட்டால், புரொஃபைலைக் கவனிக்காத செயலிகளில் நிறங்கள் சோர்ந்து தெரியும். கேமராமீது பழி விழுவது பல நேரம் இதனால்தான்.

வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் மறுபடி சுருக்கிவிடும்.