நேப்பியர் பிரபுக்களை எண்ணும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வம்சாவளி அட்டவணை போடப் பழகும் இருவர் போன வாரம் தங்கள் தாள்களை என்னிடம் காட்டினார்கள். எடுத்துக்கொண்டது ஸ்காட்லாந்தின் நேப்பியர் பிரபு பட்டம். பல வருஷங்களுக்கு முன் நான் சறுக்கிய அதே இடங்களில் அவர்களும் சறுக்கியிருந்தார்கள். எழுத்துப்பிழை, ஆண்டு மாறிப்போவது எல்லாம் நீங்களே திருத்திக்கொள்வீர்கள், அவற்றை விடுகிறேன்.

குடும்பப் பெயரை வைத்து எண்ணுவது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த பிரான்சிஸ் நேப்பியரை 8-ஆம் பிரபு என்று குறித்துவைத்தேன். கூவத்தின் மேல் 1869-இல் கட்டிய நேப்பியர் பாலம் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. உண்மையில் அவர் 10-ஆம் பிரபு. நேப்பியர் என்று முடியும் ஆண்களுக்கு மட்டும் பென்சிலால் எண் போட்டுக்கொண்டே போனதில் இருவர் விடுபட்டுவிட்டார்கள்.

3-ஆம் பிரபு ஆர்ச்சிபால்டுக்கு வாரிசு இல்லை. அதனால் பட்டத்தை அரசரிடம் ஒப்படைத்து, சகோதரிகள் வழிக்கும் அது போகும்படி 1677-இல் புதிய சாசனம் பெற்றார். 1683-இல் அவர் இறந்ததும் ஒரு சகோதரியின் மகன் தாமஸ் நிக்கல்சன் 4-ஆம் பிரபு ஆனார். மூன்றே வருஷத்தில் அவரும் போய்விட, பட்டம் அவருடைய தாயின் சகோதரி மார்கரெட்டுக்கு வந்தது. அவர்தான் 5-ஆவது. 1706-இல் அவருக்குப் பின் மகள் வயிற்றுப் பேரன் பிரான்சிஸ் ஸ்காட் 6-ஆம் பிரபு ஆகி, நேப்பியர் என்ற பெயரையும் ஏற்றுக்கொண்டார்.

இரண்டு எண் தவறினால் என்ன என்று கேட்கலாம். உண்மையான 8-ஆம் பிரபுவின் பெயரும் பிரான்சிஸ்தான்! எடின்பரோ பல்கலைக்கழகத்தின் புதுக் கட்டடத்துக்கு 1789-இல் அடிக்கல் நாட்டியவர், 1823-இல் இறந்தவர். இரண்டு பேரின் செய்திகளும் என்னிடம் ஒரே கட்டுக்குள் சேர்ந்துவிட்டன. ஆறு மாதக் குறிப்புகளை ஒவ்வொரு தாளாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

போன வாரத் தாள் ஒன்றில் மார்கரெட்டின் பெயருக்கு எண்ணே இல்லை, பக்கத்தில் 'மனைவி' என்று மட்டும் இருந்தது. அவர் யாருக்கோ மனைவியாக இருந்ததால் அந்தப் பட்டம் வரவில்லை. சொந்த உரிமையில் வந்தது. அவருக்கு எண் போடுங்கள்.

லேர்டை லார்ட் ஆக்குவது

மடக்கையை 1614-இல் வெளியிட்ட ஜான் நேப்பியர், லார்ட் அதாவது பிரபு அல்ல. மெர்ச்சிஸ்டன் நிலத்துக்கு உரியவர், அதாவது லேர்ட். 1617-இல் காலமானார். பட்டம் 1627-இல் அவர் மகன் ஆர்ச்சிபால்டுக்குத்தான் கிடைத்தது.

இரண்டு லார்ட் நேப்பியர்

கொழும்பில் பிறந்த ராபர்ட் நேப்பியர், அபிசீனியப் போருக்காக 1868-இல் 'மக்தலா நேப்பியர்' பிரபு ஆனவர். அது வேறு பட்டம், வேறு வரிசை. 1870-இலிருந்து அவர் இந்தியப் படைகளின் தலைமைத் தளபதி, அதே சமயம் சென்னையில் நம் 10-ஆம் பிரபு. அந்த இரண்டு வருஷச் செய்திகளில் வெறும் 'லார்ட் நேப்பியர்' என்று கண்டால், பேச்சு படையைப் பற்றியதா சென்னை நிர்வாகத்தைப் பற்றியதா என்று பார்த்த அப்புறம் அட்டவணையில் ஏற்றுங்கள்.

பாரன் என்று எழுதுவது

பாரன் என்பது இங்கிலாந்துப் பிரபுக்களின் கடைசிப் படி. ஸ்காட்லாந்துப் பிரபுக்களில் கடைசிப் படியில் இருப்பவர் பாரன் அல்ல, லார்ட்.